பிரக்கிராசிக்குப் போட்ட அரைப்பேர்

எங்கள் பக்கத்தில் வழக்குப் பேசுகிறவர்களில் இரண்டு வகை உண்டு. ஹட்டன் கோட்டில், அதாவது நீதிமன்றத்தில், தினமும் நிற்கிறவர் பிரக்கிராசி. கொலை, கொள்ளை என்று பெரிய வழக்கு வந்தால் கொழும்பிலிருந்து காரில் வந்து இறங்குகிறவர் அப்புக்காத்து. அப்புக்காத்து யாரையும் நான் கிட்டத்தில் கண்டதில்லை. பிரக்கிராசி ஒருவரை மட்டும் போதும் போதும் என்கிற அளவுக்குக் கண்டிருக்கிறேன். ஒரு வருடத்தின் பெரும்பகுதி மஸ்கெலியாவிலிருந்து பஸ் ஏறிப் போய், அவர் நாற்காலியை விட்டு எழும்புவதையும் திரும்ப உட்காருவதையும் பார்த்துவிட்டு, அதற்குக் காசும் கொடுத்துவிட்டு வந்தோம். அந்தக் காசு நியாயமா என்ற கேள்விக்கு அன்றைக்கு எங்கள் லயத்தில், தொழிலாளருக்கு வரிசையாகக் கட்டிய வீடுகளில், எல்லோரிடமும் பதில் இருந்தது. எனக்கு அப்போது இருபது வயது. என்னிடம் மற்றவர்களுடையதைவிடப் பெரிய பதில் இருந்தது.

வழக்கு ஓர் அரைப்பேரில் தொடங்கியது. தோட்டத்தில் ஒரு நாள் வேலைக்குப் பேர் என்று சொல்வோம். சொன்ன இறாத்தலுக்குத் தேயிலைக் கொழுந்து எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். விடியற்காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டிலிருந்து மாலை வரை மலையில் நின்றிருக்கலாம், அட்டைக்கடியில் கால் முழுக்க ரத்தமாக இருக்கலாம். தராசு ஏறவில்லை என்றால் பாதி நாள் நீ வேலைக்கே வரவில்லை என்று கணக்கு. அதோடு, கொழுந்து ஈரமாக இருக்கிறது என்று தண்ணீருக்காக ஒரு பங்கைக் கழிக்கிற வழக்கமும் இருந்தது. மழை நாளில் கழிப்பதை நாங்கள் கேட்டதில்லை. ஆனால் அன்றைக்கு வானம் காய்ந்து கிடந்தது. அப்படியும் நிறுவை பார்க்கிற கணக்கப்பிள்ளை தண்ணீருக்குக் கழித்தார். அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தது.

அம்மா கூடையை எடுத்துக்கொண்டு நகர்ந்தார். தேயிலைச் செடி வெட்டுகிற கவ்வாத்து முடிந்து அப்போதுதான் கொழுந்து நிறுக்கிற மடுவத்துப் பக்கம் வந்த அப்பாதான் கேட்டார்.

"மழையே பெய்யலயே, எந்தத் தண்ணிக்குங்க கழிக்கிறீங்க?"

அவ்வளவுதான் கேட்டார். எங்கள் லயத்தின் கடைசி வீட்டில் இருந்தவர், கடைசிக் காம்பராக்காரர் என்போம், பக்கத்தில் நின்றிருந்தார். யார் எது சொன்னாலும் ஒத்து ஊதுகிற மனிதர். அவர், "அதானே" என்றார். அந்த ஒரு வார்த்தைக்கு அவர் கொடுத்த விலையை நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது. இரண்டு பேர் கையிலும் கவ்வாத்துக் கத்தி இருந்தது. கவ்வாத்து வெட்டிவிட்டு வருகிறவன் கையில் வேறு என்ன இருக்கும்? தோட்டத்தை நடத்துகிற துரையின் காதுக்கு அது, இரண்டு பேர் கத்தியோடு வந்து கணக்கப்பிள்ளையை மிரட்டினார்கள் என்று போய்ச் சேர்ந்தது. இரண்டு பேருக்கும் பத்துச்சீட்டு கிடைத்தது. பத்துச்சீட்டு என்றால் வேலையிலிருந்து நிற்பாட்டிக் கொடுக்கிற சீட்டு. அதில் காரணமும் இருக்கும். அதைக் காட்டி வேறு தோட்டத்தில் வேலை கேட்டால் வாசலோடு அனுப்பிவிடுவார்கள்.

வேலை போனால் காம்பராவும் போக வேண்டும் என்பது தோட்டத்துச் சட்டம். அப்பா பிறந்ததே அந்தக் காம்பராவில்தான். அது ஒன்றும் அரண்மனை இல்லை. ஒரு அறை, முன்னால் ஒரு சின்ன வராந்தா, மழை பெய்தால் மூன்று இடத்தில் பாத்திரம் வைக்க வேண்டும். ஆனால் அது எங்களைப் போன்றவர்களை இந்த நாட்டில் வைத்திருப்பதா, அனுப்புவதா என்று அரசாங்கம் விசாரித்துக்கொண்டிருந்த காலம். பிரஜாவுரிமை கேட்டு நாங்களும் விண்ணப்பம் போட்டிருந்தோம். எங்கே குடியிருக்கிறாய் என்று அதில் கேட்ட இடத்தில் தோட்டத்தின் பெயரைத்தான் எழுதியிருந்தோம். விசாரணைக்கு வா என்று கடிதம் வந்தால் அந்தத் தோட்டத்துக்குத்தான் வரும். காம்பராவை விட்டால் எங்களுக்கு நாடும் போய்விடும் என்று அப்பா பயந்தார். அந்தப் பயம் எங்கள் மூன்று பேரையும் பிடித்துக்கொண்டது.

அதனால் அப்பா காம்பராவை விட மறுத்தார். கடைசிக் காம்பராக்காரரும் மறுத்தார். கொழுந்து மளமளவென்று வளர்கிற பருவம் என்பதால் அம்மாவையும் என்னையும் துரை வேலையில் வைத்துக்கொண்டார். எங்கள் கை வேண்டியிருந்தது. ஆண்கள் இருவர் மீதும், அத்துமீறிக் குடியிருக்கிறார்கள் என்று ஹட்டன் கோட்டில் தனித்தனியாக இரண்டு வழக்குகள் விழுந்தன.

எந்தப் பிரக்கிராசியிடம் போவது என்று லயத்தில் பெரிய ஆலோசனை நடந்தது. கொஞ்சமாக வாங்குகிற ஒருவர் இருக்கிறார் என்று யாரோ சொன்னார்கள். உடனே எல்லோரும் முகத்தைச் சுளித்தார்கள். "கொறைச்சலா வாங்குறவருக்கு என்ன பேசத் தெரியும்?" என்று கேட்டார்கள். கடையில் மலிவுச் சேலையை விரலால் நெருடிப் பார்க்கிறவர்கள் பிரக்கிராசியையும் அப்படித்தான் பார்த்தார்கள். கடைசியில், சம்பள நாளில் வீட்டுக்கு வீடு கொஞ்சம் போட்டு, கூடுதலாக வாங்குகிறவரிடமே போனோம். இரண்டு வழக்குக்கும் அவரே.

அவர் யாழ்ப்பாணத்துக்காரர். ஸ்டேஷனிலிருந்து ஏறுகிற தெருவில் முன்னறை ஒன்றை ஒப்பீசாக வைத்திருந்தார். வாசலில் ஒரு கிளார்க். எங்களை 'நீங்கள்' என்று சொன்ன முதல் கோட்டுப் போட்ட மனிதர் அவர்தான், அதை மறைக்கக் கூடாது. பீசை மட்டும் அவர் வாயால் சொல்ல மாட்டார். அதைக் கிளார்க் சொல்வார். தேதி குறித்துக் கோட்டு கூப்பிடுகிற ஒவ்வொரு தவணைக்கும் இவ்வளவு, அதையும் அன்றைக்குக் காலையில், வழக்குக் கூப்பிடுவதற்கு முன்னால் கொடுத்துவிட வேண்டும். அம்மாவும் நானும் ஒரு வாரம் முழுப்பேர் எடுத்தால் வருகிற காசு அது.

முதல் தவணைக்கு நாங்கள் நல்ல சேலை கட்டிக்கொண்டு போனோம். கோட்டில் எல்லாம் இங்கிலீசில் நடந்தது. அப்பாவின் பெயரைக் கூப்பிட்டார்கள். அப்பா போய்க் கூண்டில் நின்றார். பிரக்கிராசி எழும்பினார், ஏதோ ஒரு வரி சொன்னார், உட்கார்ந்தார். நீதவான் எழுதினார். கோட்டில் மொழிபெயர்த்துச் சொல்கிற முதலியார் தமிழில் அடுத்த தவணைத் தேதியைச் சொன்னார். நான் சேலை மடிப்பைச் சரிசெய்துகொண்டு நிமிர்வதற்குள் முடிந்துவிட்டது. அடுத்துக் கடைசிக் காம்பராக்காரரைக் கூப்பிட்டார்கள். அதே வரி, அதே தேதி.

இரண்டாம் தவணையும் அப்படியே. மூன்றாவதும் அப்படியே. சாட்சி வரவில்லை என்பார்கள், ஏதோ கடுதாசி பார்க்க வேண்டும் என்பார்கள். ஒரே காலையில் எங்கள் பிரக்கிராசி எத்தனையோ பேருக்காக எழும்பி அந்த ஒரு வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் யாரோ ஒருவருடைய ஒரு வாரக் கூலி. எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. பஸ்ஸில் வரும்போது, "இந்தாளு நம்ம வழக்க முடிக்கவே மாட்டாரு, முடிச்சா பீசு நின்னுருமே" என்று சத்தமாகச் சொன்னேன். முன் சீட்டில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துத் தலையாட்டினார்கள். அவர்களும் கோட்டுக்குப் போய்விட்டு வருகிறவர்கள்தான்.

அம்மா அந்தப் பயணம் முழுக்க யோசித்துக்கொண்டே வந்தார். அடுத்த தவணைக் காலையில் கோட்டு வராந்தாவில் கிளார்க்கின் கையில் பாதிக் காசை மட்டும் வைத்தார்.

"மிச்சம்?" என்றார் கிளார்க்.

"ஐயா பேசுனா மிச்சம் தர்றோங்க. பேசலன்னா அரைப்பேருதான்."

கிளார்க்குக்கு ஒன்றும் விளங்கவில்லை. பிரக்கிராசியே வந்தார். அரைப்பேர் என்றால் என்ன என்று கேட்டார். நான்தான் விளக்கினேன். பதமாகச் சொல்லாமல் கொஞ்சம் உறைக்கிற மாதிரியே சொன்னேன். நாள் முழுக்க வெயிலில் நின்றவளுக்கே பாதிக் கூலி என்றால், ஒரு வரி சொன்னவருக்கு எதற்கு முழுக்கூலி என்று கேட்டேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் அம்மாவைப் பார்த்துச் சிரித்தார்.

"அப்ப நான் கொழுந்து எடுக்கிற ஆள், நீங்கள் கணக்கப்பிள்ளை, என்ன?"

"ஆமாங்க" என்றார் அம்மா. சிரிக்கவே இல்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அம்மா. தவணை போறது உங்களுக்கு நல்லதுதான்."

"பொறுத்துக்கிட்டு இருக்குறதுக்கு நாங்க காசு குடுக்கணுமாங்க?"

"ஓம்" என்றார் அவர். "பொறுக்கிறதுக்குத்தான்."

அந்தப் பதில் எனக்குத் திமிராகப் பட்டது. எங்களை ஏமாளிகள் என்று முகத்துக்கு நேரே சொல்கிறார் என்று நினைத்தேன். அடுத்த தூணில் தோட்டத்துப் பக்கம் பேசுகிற பிரக்கிராசி சாய்ந்து நின்று சிகரெட் குடித்துக்கொண்டிருந்தார். எங்களுடையவர் அந்தப் பக்கம் ஒருமுறை பார்த்தார், பிறகு பேச்சை விட்டுவிட்டு உள்ளே போய்விட்டார். அந்தப் பார்வையையும் நான் அன்றைக்குத் தப்பாகவே எடுத்துக்கொண்டேன். இரண்டு பேரும் கூட்டு என்று நினைத்தேன்.

அன்றும் தவணைதான். அம்மா மீதியைக் கொடுக்கவில்லை. அதற்கடுத்த தவணைக்கும் அரைப்பேர் போட்டார். லயத்தில் இது பெரிய பேச்சாகிவிட்டது. குழாயடியில் பெண்கள் அம்மாவை நிறுத்தி வைத்துக் கேட்டுச் சிரித்தார்கள். கோட்டுப் போட்ட ஒருவருக்கு எங்களில் ஒருத்தி அரைப்பேர் போட்டாள் என்பதில் எல்லோருக்கும் ஒரு குளிர்ச்சி. எனக்கும்தான். கடைசிக் காம்பராக்காரர் மட்டும் கையைப் பிசைந்துகொண்டு முழுக்காசையும் கொடுத்து வந்தார். அவர் மனைவி வேலைக்குப் போகிறவர் இல்லை, மாடு வைத்துப் பால் ஊற்றுகிறவர். அந்த மாட்டை விற்றுத்தான் பீஸ் கட்டினார்கள். "கொறைச்சுக்கச் சொல்லிக் கேக்க ஒரு மாதிரியா இருக்குக்கா" என்றார் அவர் அம்மாவிடம். நாங்கள் அவரைக் கேலி செய்தோம்.

பிறகு அம்மா ஒப்பீசுக்கே போய், அடுத்த தவணைக்கு வழக்கைப் பேசாவிட்டால் வேறு ஆளைப் பார்த்துக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டார். அப்பா வேண்டாம் என்றார். அவர் பேச்சை நாங்கள் இருவரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. பிரக்கிராசி மேசையிலிருந்த பேனாவை எடுத்து மூடினார்.

"அவசரப்படாதேங்கோ. இப்ப பேசினா வெல்லுவம் எண்டு நான் சொல்லேலாது."

"தவணைக்குத் தவணை காசு வாங்குறவரு அப்புடித்தாங்க சொல்லுவீங்க" என்றேன் நான்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. "சரி. உங்கட வழக்கு, உங்கட விருப்பம்" என்றார்.

அடுத்த தவணையில் அவர் பேசினார். என்னவென்று சொல்வது! அந்த மெலிந்த மனிதருக்குள் அவ்வளவு சத்தம் இருந்தது எங்களுக்குத் தெரியாது. கணக்கப்பிள்ளையைக் கூண்டில் ஏற்றி, மழை பெய்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்டு வியர்க்க வைத்தார். அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லிக் கையை நீட்டிக் காட்டச் சொன்னார். கொழுந்துக் கறை ஏறி விரல் நுனிகள் கறுத்துப் போயிருந்தன. இந்தக் கை தோட்டத்துக்கு வேண்டும், இந்தக் கை தூங்குவதற்குக் காம்பரா கிடையாதா என்று கேட்டார் என்று முதலியார் பிறகு சொன்னார். சாப்பாட்டு நேரம் வந்துவிட்டது, அவர் நிறுத்தவில்லை. இங்கிலீசு ஒரு வார்த்தை தெரியாமலே நான் அழுதேன்.

வழக்குத் தோற்றது. காம்பரா அப்பாவின் வேலைக்காகக் கொடுத்தது, அம்மாவின் வேலைக்காக அல்ல என்று தீர்ப்பு. தண்டம் கட்ட வேண்டும், மாத முடிவுக்குள் காம்பராவை விட வேண்டும். கடைசிக் காம்பராக்காரரின் வழக்கைக் கூப்பிட்டார்கள். தொண்டை கட்டிப் போயிருந்த பிரக்கிராசி எழும்பி, பழைய வரியைச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார்.

வராந்தாவில் அம்மா மடியை அவிழ்த்து முழுக்காசையும் எண்ணிக் கொடுத்தார். "இன்னிக்கு ஐயாவுக்கு முழுப்பேரு" என்றார். தோற்றுவிட்டு வந்த எங்களுக்கு அதில் ஒரு பெருமைகூட இருந்தது. கொடுத்த காசுக்கு மனிதர் பேசிவிட்டார் என்று பஸ்ஸில் பேசிக்கொண்டே வந்தோம். அப்பா மட்டும் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

அப்பாவைத் தெருவில் விட்டுவிட்டு நாங்கள் மட்டும் தோட்டத்தில் வேலை செய்வதா? மூன்று பேரும் சாமானைக் கட்டிக்கொண்டு ஹட்டனுக்கு வந்தோம். விறகுக் கடைக்குப் பின்னால் ஒரு அறை கிடைத்தது. அப்பா அங்கே விறகு பிளந்தார். அம்மாவும் நானும் சாப்பாட்டுக் கடை ஒன்றுக்கு மிளகாய் இடித்தோம், பாத்திரம் கழுவினோம். பிரஜாவுரிமைக் கடிதத்துக்காக அப்பா அடிக்கடி தோட்டத்துக்கு நடையாய் நடந்தார். தபால் கொடுக்கிற இடத்தில், உனக்கு இங்கே விலாசம் இல்லையே என்று சொல்லி அனுப்பினார்கள். எங்களுக்கு ஏதாவது வந்து திரும்பிப் போனதா, வரவே இல்லையா என்பது கடைசிவரை தெரியவில்லை.

சிவனொளிபாதமலைக்குச் சனம் போகிற காலம் தொடங்கி, நல்லதண்ணிக்குப் போகிற பஸ்கள் நிரம்பி வழிந்த ஒரு நாளில் கடைசிக் காம்பராக்காரர் எங்களைத் தேடி வந்தார். புதுச் சட்டை போட்டிருந்தார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை.

"அக்கா, எனக்குத் திரும்பப் பேரு போட்டாங்க."

துரை மாறிவிட்டார். பழையவர் சீமைக்குப் போய்விட்டார். புதிதாக வந்தவர், பழையவர் விட்டுப்போன வழக்குகளைப் பார்த்து, இதெல்லாம் எதற்கு, ஆள் பற்றாமல் இருக்கிறது என்று வாபஸ் வாங்கிவிட்டாராம். நடந்துகொண்டிருந்த வழக்குகளை மட்டும். முடிந்துபோனவற்றை அவர் என்ன செய்ய முடியும்? எங்கள் காம்பராவில் வேறு குடும்பம் இருந்தது.

"தொரை போகப்போறது ஐயாவுக்கு முன்னமே தெரியுமாம்க்கா. கிளார்க்கு இப்பத்தான் சொன்னாரு. தோட்டத்துப் பக்கம் காதுல விழுந்தா வழக்கச் சீக்கிரமா முடிக்கச் சொல்லி நிப்பாங்கன்னுதான் வெளிய விடலயாம்."

அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தார். "ஒனக்காக அவரு எவ்ளோ நேரம் பேசுனாரு?" என்று கேட்டார்.

"ஒன்னுமே பேசலக்கா. கடைசிவரைக்கும் தவணைதான்."

அவர் போன பிறகு அம்மா உலக்கையை மறுபடி எடுத்து இடிக்கத் தொடங்கினார். எனக்கு முதலில் வந்தது கோபம்தான், அதுவும் பிரக்கிராசி மேல்தான். உள்ளே கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? கடைசிக் காம்பராக்காரர் மேலும் கோபம் வந்தது. பிறகு அவர் மாட்டை நினைத்தேன், அது கொஞ்சம் தணிந்தது. தோட்டத்து ஸ்டோரில் இரவு முழுக்க உட்கார்ந்திருக்கிற காவல்காரர் ஒருவர் உண்டு. அவர் இருக்கிறவரை எதுவும் நடக்காது. எதுவும் நடக்காததற்குத்தான் அவருக்குச் சம்பளம். அவருக்கு ஏன் முழுப்பேர் என்று எங்களில் யாரும் கேட்டதில்லை. நாங்கள் நிறுத்து வாங்கியே பழகியவர்கள். பேச்சையும் நிறுத்துத்தான் வாங்கத் தெரிந்தது. அவர் விற்றது காலத்தை. அதைப் போட்டு நிறுக்க எங்களிடம் தராசு இல்லை. ஆனால் அவர் பக்கமும் முழு நியாயம் இருந்தது என்று நான் சொல்ல மாட்டேன். தவணைக்குத் தவணை காசு வாங்குகிறவர், தவணை நல்லது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? உண்மையைத்தான் சொன்னார். அந்த உண்மையால் அவருக்கு வரும்படி இருந்தது, அதனால் அது பொய்போலக் கேட்டது.

அம்மா மிளகாய் இடித்த கூலியில் கொஞ்சம் கொஞ்சமாக மிச்சம் பிடித்தார். எதற்கென்று சொல்லவில்லை. ஒரு நாள் காலையில் நல்ல சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டு என்னையும் வரச் சொன்னார். ஒப்பீசு வாசலில் கிளார்க் எங்களைக் கண்டதும் உள்ளே எட்டி, "ஐயா, அரைப்பேர் வந்திருக்கினம்" என்றார்.

அம்மா மேசையில் காசை வைத்தார். பிரக்கிராசி நிமிர்ந்தார்.

"இது என்னத்துக்கு? உங்கட வழக்கு முடிஞ்சுதல்லோ."

"பேசாத நாளைக்குப் பாதிதாங்க குடுத்தோம். அதோட மிச்சம்."

அவர் காசையும் அம்மாவையும் பார்த்தார். வேண்டாம் என்று தள்ளிவிடுவார் என்று நினைத்தேன். தள்ளியிருந்தால் அம்மா அந்த இடத்திலேயே உடைந்து போயிருப்பார். அவர் அதை எடுத்து, மேசை லாச்சியை இழுத்து அதற்குள் போட்டார்.

"நான் உங்களை உள்ள கூப்பிட்டு விசயத்தைச் சொல்லியிருக்கலாம்" என்றார்.

"சொன்னாலும் நம்பியிருக்க மாட்டோங்க. நீங்க காசு வாங்குற ஆளு" என்றார் அம்மா. குரலில் குற்றம் எதுவும் இல்லை. கும்பிட்டுவிட்டு வெளியே வந்தார்.

தெருவில் இறங்கி ஸ்டேஷன் பக்கம் நடந்தோம். மலைக்குப் போகிற கூட்டம் ரயிலிலிருந்து இறங்கிப் பஸ்ஸுக்கு ஓடிக்கொண்டிருந்தது. அம்மா ஓரமாக நின்றார். கறை படிந்த விரல்களால் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டே என்னிடம் கேட்டார்.

"அவருக்குப் போட்ட அரைப்பேர நான் திருப்பிக் குடுத்துட்டேன். எனக்குப் போட்ட அரைப்பேரோட மிச்சத்த நான் யாருகிட்டடி போயிக் கேக்குறது?"

கூட்டம் கலையும் வரை நாங்கள் அங்கேயே நின்றோம். பிறகு மிளகாய் இடிக்கப் போனோம்.